எழுவான்கரையில் விடியல்

சில ஆண்டுகளுக்கு முன் மாணவனொருவன் தன் கட்டுரையில், தந்தையார் விடிய எழுந்து பாதையேறி வயலுக்குச் சென்றார் என எழுதியிருந்தான். ‘விடிய’ என்பதைச் சிவப்பு மையாற் சுழித்து, ‘அதிகாலையில்’ எனத் திருத்தினேன்; ஒரு புள்ளியுங் குறைத்தேன். தங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்வது வழக்கமென்று அவன் மெல்லச் சொன்னான். அச்சொல் என்னை நெடுநாள் உறுத்தியது.

பாதை என்பது ஈண்டுத் தெருவன்று. குருக்கள்மடத்திலிருந்து வாவியைக் கடந்து அம்பிளாந்துறைக்குச் செல்லும் மிதவையே அது. வாவிக்குக் கிழக்கேயுள்ள நம் கரை எழுவான்கரை, மேற்கேயுள்ளது படுவான்கரை. ஞாயிறு எழும் திசையும் படும் திசையும் ஊர்ப்பெயர்போல் வழங்கும் நாடு இது. தொல்காப்பியம் நெய்தலுக்குரிய பொழுதாகக் கூறும் ‘எற்பாடு’ என்பதனை எல், அதாவது ஞாயிறு, படும் பொழுதெனப் பிரித்துக் காட்ட, நம் பிள்ளைகட்குப் படுவான்கரையைச் சுட்டுதலே போதும்.

தொல்காப்பியர் வைகறையையும் விடியலையும் மருதத்திற்கு உரிமையாக்கினார். வைகுதல் தங்குதல், தங்கிய இருள் அறும் பொழுது வைகறை. நாளின் 60 நாழிகையை ஆறாகப் பகுத்தால் ஒவ்வொரு சிறுபொழுதும் 10 நாழிகை, அஃதாவது 4 மணித்தியாலம். அவ்வாறு கணக்கிடின் வைகறை பின்னிரவு 2 மணி முதல் 6 மணி வரையும், விடியல் அதன்பின் 10 மணி வரையும் ஆகும். விடியல் 10 மணி வரை நீளுமென்றால், பாடசாலைக்குப் பிந்தி வருவோர் தொல்காப்பியரைத் துணைக்கழைப்பர்! மருதத்தின் உரிப்பொருள் ஊடல். பரத்தையிற் பிரிந்த தலைவன் அவ்வேளையில் மீளுதலே அதற்குக் காரணமென்பர். வகுப்பில் இதனைச் சற்று விரைந்தே கடப்போம். வயலுக்குப் போகும் உழவனின் பொழுதும் அதுவே என்பதில் நமக்கு ஐயமில்லை.

புலர்தல் என்னும் சொல்லுக்கு உலர்தல் என்றும் பொருளுண்டு. விடிதலோ பொழுதோடு நில்லாது வாழ்வுக்கும் தாவியது. துன்பம் நீங்குதல் விடிவு. நற்பேறில்லாதவனை விடியாமூஞ்சி என வைவர். நடவாத காரியத்தை ‘விடிந்தாற்போலத்தான்’ என்று எள்ளுவர். வட்டக்களரியில் வடமோடியோ தென்மோடியோ ஆடினால் அது விடிய விடிய நிகழும். மார்கழித் திருவெம்பாவைக் காலத்திற் சங்கும் சேமக்கலமும் ஒலித்து ஊரை எழுப்புவது விடியப்புறம். ‘வெள்ளென வா’ என்று தாய் சொல்லும்போது வானத்தின் வெண்மையே காலப்பெயராகிறது. ‘அதிகாலை’ என்ற ஒரு சொல் இவையனைத்திற்கும் ஈடாகுமா?

இலக்கணத்தையும் நோக்குவோம். ‘பொழுது சாய வந்தான்’ என்பதை எவரும் பிழையென்னார். சாய என்பது செயவெனெச்சம். விடிய என்பதும் அஃதே. ‘பொழுது’ என்னும் எழுவாய் தொக்கு நின்றது, அவ்வளவே. பிழை மாணவன்பாலில்லை.

அம்மாணவன் கல்வி முடித்து நீங்கிவிட்டான். குறைத்த புள்ளியை இனிக் கொடுத்தற்கு வழியில்லை. இம்மலர் அவன் கைக்கு எட்டுமாயின், திருத்தியவனே பிழைத்தான் என்பதை அறிந்துகொள்வானாக.