மண்ணுக்குள் மறைந்த வலிமை

பல மாடி அலுவலகக் கட்டடங்களை அண்ணாந்து பார்த்து நாம் வியக்கிறோம். அவற்றைத் தாங்கும் அஸ்திவாரத்தை நினைப்பவர் எத்தனை பேர்? அது எவ்வாறு அமைகிறது என்று அறிவோமா?

முதலில் மண்ணின் தாங்கும் திறனைச் சோதித்து, அதற்கேற்ற ஆழத்தில் குழி தோண்டுகிறார்கள். அடியில் மெல்லிய கான்கிரீட் தளம் இட்டு, அதன்மேல் இரும்புக் கம்பிகளை வலைபோல் கட்டுகிறார்கள். கம்பி அத்தளத்தைத் தொடக்கூடாது. சிறு கான்கிரீட் கட்டைகளை இடையில் வைத்து, அதை ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் உயர்த்துகிறார்கள். அந்த இடைவெளியும் கான்கிரீட்டால் நிரம்பினால்தான் கம்பி துருப்பிடிக்காது. கான்கிரீட் அழுத்தத்தை நன்கு தாங்கும். இழுவிசைக்கோ எளிதில் விரிசல் விடும். அக்குறையைத் தீர்ப்பது இரும்பு.

பின்னர் சிமெண்ட், மணல், ஜல்லி, தண்ணீர் சேர்ந்த கலவையைக் கொட்டி, அதிர்வுக் கருவியால் காற்றுக் குமிழ்களை வெளியேற்றுகிறார்கள். கலவை இளகினால் வேலை சுலபம் என்று தண்ணீரைக் கூட்டுவது பெருந்தவறு. மிகுதியான நீர் வெளியேறிய இடமெல்லாம் நுண்துளைகளாகி, வலிமை குறைந்துவிடும்.

கான்கிரீட் காய்ந்து இறுகுகிறது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் சிமெண்ட் நீருடன் வேதிவினை புரிந்தே இறுகுகிறது. ஆகவேதான் குறைந்தது 7 நாட்களாவது ஈரச்சாக்கு போர்த்தி நனைக்கிறார்கள். 28 நாட்களில் அது எட்டும் வலிமையையே பொறியாளர்கள் கணக்கில் கொள்கிறார்கள்.

இவ்வினையில் வெப்பமும் வெளிப்படுகிறது. சிறிய அஸ்திவாரத்தில் அது தானே தணியும்; மிகப் பெரியதில் அவ்வாறன்று. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், அலுவலகங்களும் ஓட்டலும் கொண்ட வில்ஷயர் கிராண்ட் கட்டடத்திற்கு 5 மீட்டருக்கும் மேல் தடித்த அஸ்திவாரம் தேவைப்பட்டது. 2014 பிப்ரவரி 15, 16 தேதிகளில், 2,100க்கு மேற்பட்ட லாரி நடைகளில், ஏறத்தாழ 16,200 கன மீட்டர் கான்கிரீட்டை இடைவிடாமல் கொட்டினார்கள். நடுவில் நிறுத்தினால், இறுகிய பகுதியோடு புதிய கலவை சரியாக ஒட்டாது. உட்புறம் கொதிக்க, வெளிப்புறம் குளிர்ந்தால் விரிசல் விழும். அதைத் தடுக்க உள்ளே குழாய்கள் பதித்துக் குளிர்ந்த நீரை ஓடவிட்டார்கள்.

மேலே சுவர் விரிந்தால் பூசிவிடலாம். மண் மூடிய அஸ்திவாரத்தைத் திருத்துவதோ மிகக் கடினம். மேஸ்திரி அளந்து ஊற்றிய தண்ணீரிலும், சித்தாள் பெண்கள் விடாது நனைத்த சாக்கிலும், நாளை அங்கே பணிபுரிவோரின் உயிர்ப் பாதுகாப்பு அடங்கியிருக்கிறது என்றால் அது மிகையாகாது.