வீலில் ஒட்டிய பசையை பிளேடால் சுரண்டுகிறீர்களா? காரைக்கால் உப்புக் காற்றில் அலாய் வீலைக் காப்பாற்றுவது எப்படி?

கார் வாங்கி மூணு வருஷம்கூட ஆகியிருக்காது. இன்ஜின் நல்லா இருக்கும், பாடியில் ஒரு கீறல் இருக்காது. ஆனால் அலாய் வீலில் மட்டும் புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள், அங்கங்கே பெயர்ந்து நிற்கும் பூச்சு. வீலின் உள்பக்கம் பார்த்தால், எப்போதோ ஒட்டிய பேலன்சிங் வெயிட் விழுந்து, கருப்பு நிறத்தில் பசை மட்டும் மிச்சம். காரைக்கால் மாதிரி கடலோர ஊரில் கார் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி.

பசைதானே, சுரண்டி எடுத்தால் போச்சு என்று பலர் நினைக்கிறார்கள். சிக்கல் ஆரம்பிப்பதே அங்கேதான். பிளேடு, கம்பி நார், தின்னர், பாத்ரூம் ஆசிட் என்று கையில் கிடைத்ததைப் போட்டு எடுத்தால், பசையோடு சேர்ந்து வீலின் பாதுகாப்புப் பூச்சும் போய்விடும். அதன் பிறகு உப்புக் காற்று பார்த்துக்கொள்ளும்.

சரி, பசையை எப்படி எடுப்பது? கெட்டுப்போன பூச்சை எப்படிச் சரிசெய்வது? எந்த வீலைக் கையே வைக்காமல் மாற்ற வேண்டும்? பார்க்கலாம்.

காரைக்காலில் ஏன் சீக்கிரம் அரிக்கிறது?

அலாய் வீலில் பெரும்பகுதி அலுமினியம்தான். அதோடு சுமார் 7 சதவீதம் சிலிக்கான், கொஞ்சம் மெக்னீசியம் கலந்திருக்கும். அலுமினியம் காற்று பட்டதும் தன்மேல் தானே மிக மெல்லிய ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்ளும். இரும்பு மாதிரி அது செதில் செதிலாகத் துருப்பிடிக்காததற்கு இந்தப் படலம்தான் காரணம்.

ஆனால் கடல் உப்பில் உள்ள குளோரைடு இந்தப் படலத்தை ஊசி குத்தின மாதிரி ஓட்டை போட்டுவிடும். அதனால்தான் கம்பெனியிலேயே வீலுக்கு மூணு அடுக்குப் பூச்சு போடுகிறார்கள். அடியில் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட். இந்தக் கிளியர் கோட்டில் ஒரு கல் பட்டு சின்னப் புள்ளி பெயர்ந்தால்கூட, அந்த வழியாக உப்பும் ஈரமும் உள்ளே போய், பூச்சுக்கு அடியிலேயே நூல் நூலாக அரித்துக்கொண்டு போகும். நாம் பார்க்கும் அந்தப் 'புழு ஊர்ந்த' கோடு இதுதான்.

காரைக்காலில் கடல் பக்கத்திலேயே இருக்கிறது. கடலை ஒட்டிய பகுதிகளில் போர் தண்ணீரும் பல இடங்களில் உப்பு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் சாலையில் தேங்கும் தண்ணீர் வேறு. அதாவது காற்றிலும் உப்பு, கழுவும் தண்ணீரிலும் உப்பு.

இந்த உப்பின் பலத்துக்குப் பெரிய உதாரணம் தெற்கே ராமேஸ்வரத்தில் இருக்கிறது. 1914-ல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்போடு போராடுவதே ஓயாத வேலையாக இருந்தது. 2022 டிசம்பரில் அதில் ரயில் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய இரும்புக்கே அந்தக் கதி என்றால், நம் கார் வீல் எம்மாத்திரம்!

வீலில் பசை எங்கிருந்து வருகிறது?

முக்கியமாக இரண்டு இடத்திலிருந்து. ஒன்று, பேலன்சிங் கடையில் ஒட்டும் ஸ்டிக்கர் வெயிட். 5 கிராம், 10 கிராம் துண்டுகளாக, பின்னால் நுரை டேப்போடு வரும். இரண்டாவது, அழகுக்காக ஒட்டும் ரிம் ஸ்டிக்கர், ஒளிரும் டேப். வெயிலில் காய்ந்து மேல்தாள் உரிந்துபோகும், பசை மட்டும் கெட்டியாக உட்கார்ந்துகொள்ளும். அதன்மேல் பிரேக் தூசி படிந்தால் கருப்புத் திட்டாகிவிடும்.

பசை பார்க்க அசிங்கம் என்பது மட்டும் பிரச்சினை இல்லை. அது ஈரத்தையும் உப்பையும் பிடித்துவைத்துக்கொள்ளும். பழைய பசைமேலேயே புது வெயிட்டை ஒட்டினால் அது சரியாகப் பிடிக்காது, ஓடும்போது கழன்று விழும்.

ஒரு வெயிட் விழுந்தால் என்ன ஆகிவிடும்?

ஒரு கணக்கைப் பாருங்கள். 15 அங்குல வீல், வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அப்போது வீல் நொடிக்கு சுமார் 14 தடவை சுற்றும். அதில் 50 கிராம் வெயிட் விழுந்திருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய 7 கிலோ எடைக்குச் சமமான விசை வீலை ஒரு பக்கமாக இழுக்கும். ஸ்டீயரிங் நடுங்குவது இதனால்தான். டயர் ஒரு பக்கம் தேயும், பேரிங், சஸ்பென்ஷன் எல்லாம் அடி வாங்கும்.

அதனால் முதல் விதி: வீலில் ஒட்டியிருக்கிற வெயிட்டைச் சுத்தம் செய்கிற சாக்கில் எடுத்துவிடாதீர்கள். வெயிட் இல்லாத இடத்தில் உள்ள பசையை மட்டும் எடுங்கள். வெயிட்டையே எடுக்க வேண்டி வந்தால், மறுபடி பேலன்சிங் செய்தே ஆகணும்.

பசையை எடுப்பது எப்படி? படிப்படியாக

1. வண்டி ஓடிவந்த சூட்டோடு ஆரம்பிக்காதீர்கள். வீலும் பிரேக்கும் ஆறட்டும். நிழலில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

2. நல்ல தண்ணீரில் முதலில் வீலைக் கழுவுங்கள். மணலோடு தேய்த்தால் அதுவே உப்புத்தாள் மாதிரி கீறிவிடும். கார் ஷாம்பு போதும்.

3. ஹேர் டிரையரை ஒரு நிமிஷம் காட்டுங்கள். பசை இளகும். கை வைத்தால் சூடு பொறுக்கிற அளவு போதும். நெருப்பு, ஊதுலாம்பு பக்கமே போகக் கூடாது.

4. நுரை டேப் கெட்டியாக இருந்தால், தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் பிடித்து, டேப்புக்கும் வீலுக்கும் நடுவே ரம்பம் அறுப்பதுபோல இழுங்கள். காரைக்காலில் தூண்டில் நரம்புக்குப் பஞ்சமில்லை. மிச்சத்தைப் பழைய ஏடிஎம் கார்டால் தள்ளி எடுங்கள்.

5. கடைசியில் தங்கும் பிசுக்குக்கு நீலகிரித் தைலம் அல்லது ஐசோபுரோப்பைல் ஆல்கஹால். துணியில் நனைத்து, இரண்டு நிமிஷம் பசைமேல் வைத்திருந்து, துடைத்தெடுங்கள். முதலில் வீலின் உள்பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில் கொஞ்சம் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் ஒட்டினால் நிறுத்திவிடுங்கள்.

6. மறுபடி ஷாம்பு போட்டுக் கழுவி, துணியால் துடைத்துக் காயவையுங்கள். புது வெயிட் ஒட்டுவதாக இருந்தால் அந்த இடத்தில் எண்ணெய்ப் பசை துளிகூட இருக்கக் கூடாது. கடைசியாக ஒருமுறை ஆல்கஹாலால் துடைக்கணும்.

முக்கியமான எச்சரிக்கை: தைலமோ, டபிள்யூடி-40 மாதிரி எண்ணெய் ஸ்பிரேயோ பிரேக் டிஸ்க்கில் படவே கூடாது. பிரேக் பேடில் எண்ணெய் ஏறினால் பிரேக் பிடிக்காது. அதனால் எதையும் வீலில் நேரடியாக அடிக்காமல், துணியில் நனைத்துத் துடைப்பதுதான் பாதுகாப்பு. ஆல்கஹால் சட்டென்று தீப்பிடிக்கும், பக்கத்தில் பீடி, சிகரெட் வேண்டாம்.

இதையெல்லாம் தொடாதீர்கள்

- பாத்ரூம் ஆசிட்: அழுக்கு போவது உண்மை, ஆனால் அதில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலம் அலுமினியத்தையே கரைக்கும்.
- காஸ்டிக் சோடா, கடுமையான காரம்: அமிலம் மட்டுமில்லை, காரமும் அலுமினியத்துக்கு எதிரி.
- தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர்: பசைக்கு முன்னால் கிளியர் கோட் இளகிவிடும்.
- பிளேடு, ஸ்குரூ டிரைவர், கம்பி நார்: ஒவ்வொரு கீறலும் உப்பு உள்ளே நுழைய ஒரு வாசல்.

பூஜை போடும் வண்டிகளுக்கும் ஒரு வார்த்தை. திருநள்ளாறு கோயிலுக்குப் போய்வந்தோ, ஆயுத பூஜைக்கோ எலுமிச்சம்பழம் நசுக்கினால், வீலில் தெறித்த சாற்றை அன்றைக்கே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். அதுவும் அமிலம்தான்.

பூச்சு ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால்?

விரல் நகத்தால் அந்த இடத்தைத் தடவிப் பாருங்கள். நகம் தடுக்கவில்லை என்றால் கறை மேலோட்டமானது, பாலிஷ் போட்டாலே போய்விடும். நகம் தடுக்கிறது, வெள்ளைத் தூள் வருகிறது, பூச்சு தூக்கி நிற்கிறது என்றால் உலோகம் வரை அரிப்பு போயிருக்கிறது.

சின்ன இடம் என்றால் வீட்டிலேயே செய்யலாம். பூச்சு தூக்கிய இடம் முழுக்க, நல்ல உலோகம் தெரிகிற வரை உப்புத்தாளால் தேய்க்கணும். 240-ம் நம்பரில் ஆரம்பித்து, 400, 800 என்று மென்மைக்குப் போகணும். அடுத்ததுதான் பலர் விட்டுவிடும் கட்டம்: தேய்த்த இடத்தை நல்ல தண்ணீரில் பலமுறை கழுவி உப்பை எடுப்பது. உப்பு போர் தண்ணீரில் கழுவினால் பிரயோஜனமே இல்லை. ஆர்.ஓ. தண்ணீரோ மழைத் தண்ணீரோ எடுத்துக்கொள்ளுங்கள். உப்பை உள்ளே வைத்து மேலே பெயின்ட் அடித்தால் கொஞ்ச நாளில் கொப்புளமாக எழும்பிவிடும்.

நன்றாகக் காய்ந்த பிறகு அலுமினியத்துக்கான பிரைமர், அதன்மேல் நிறம், கடைசியாகக் கிளியர் கோட். ஒவ்வொன்றும் மெல்லிசாக இரண்டு மூணு தடவை. மழை ஈரமான நாளில், கடல் காற்று நேராக அடிக்கிற இடத்தில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். டயரையும் பிரேக்கையும் மூடிவைத்துவிட்டுத்தான் ஸ்பிரே அடிக்கணும்.

'டயமண்ட் கட்' வீல் என்றால்?

முகப்பு பளபளவென்று, உற்றுப் பார்த்தால் இசைத்தட்டு மாதிரி மெல்லிய வட்டக் கோடுகளோடு இருந்தால் அது டயமண்ட் கட். லேத்தில் கடைந்து, மேலே கிளியர் கோட் மட்டும் போட்டது. முகப்பில் பிரைமரோ நிறமோ இல்லாததால் உப்புக் காற்றில் முதலில் அடிவாங்குவது இந்த வகைதான்.

இதைக் கையால் தேய்த்துச் சரிசெய்ய முடியாது. சிஎன்சி லேத் உள்ள கடையில் மறுபடி கடையணும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உலோகம் குறையும் என்பதால் திரும்பத் திரும்பச் செய்ய முடியாது. கடலோரத்திலேயே ஓடப்போகிற வண்டி என்றால், முழுக்க ஒரே நிறம் அடித்துவிடுவது நீடித்து உழைக்கும்.

எந்த வீலைச் சரிசெய்யவே கூடாது?

இதுதான் உயிர் விஷயம். பூச்சு வேறு, பலம் வேறு. வீலில் விரிசல் இருந்தால் பட்டி அடைத்து, பெயின்ட் அடித்து மறைப்பது ஆபத்து. பட்டி பள்ளத்தை மூடும், பாரத்தைத் தாங்காது. வளைந்த அலாய் வீலை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவதும் அப்படித்தான். அலாய் வீலுக்குப் பலம் கொடுப்பதே அளவான சூட்டில் பதப்படுத்துகிற முறைதான். ஊதுலாம்பு காட்டினால் அந்தப் பதம் போய்விடும். வெளியே புதுசு மாதிரி தெரியும், அடுத்த பள்ளத்தில் உடையலாம். விரிசல் விட்ட வீலை மாற்றுவது ஒன்றே வழி.

செகண்ட் ஹேண்ட் கார் வாங்குபவர்கள் இதைக் கவனிக்கணும். நாலு வீலில் ஒன்று மட்டும் புதுப் பெயின்ட்டில் மின்னினால் அதன் உள்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள்.

இன்னொரு அறிகுறி, பஞ்சர் இல்லாமலேயே காற்று இறங்குவது. டியூப்லெஸ் டயர் ரிம்மோடு ஒட்டி உட்காரும் விளிம்பில் அரிப்பு வந்தால், காற்று மெல்லக் கசியும். டயரைக் கழற்றி, விளிம்பைச் சுத்தம் செய்து பூசினால் பெரும்பாலும் சரியாகிவிடும். வீலைக் கழற்றி மாட்டினால், 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிய பிறகு நட்டுகளை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

மறுபடி வராமல் தடுக்க?

வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் வீலின் உள்பக்கத்தையும் சேர்த்துக் கழுவுங்கள். பீச்சுக்குப் போய்வந்த அன்றைக்கோ, தேங்கிய தண்ணீரில் ஓட்டிய அன்றைக்கோ வாரக் கணக்குப் பார்க்க வேண்டாம், அன்றே கழுவிவிடுங்கள். இரண்டு மூணு மாதத்துக்கு ஒருமுறை வாக்ஸ் போட்டால் உப்பும் பிரேக் தூசியும் ஒட்டாது. கல் பட்டுப் பெயர்ந்த சின்னப் புள்ளியை அப்போதே டச்-அப் பெயின்ட் வைத்து மூடிவிடுங்கள். இன்றைக்கு ஒரு புள்ளியோடு முடிகிற வேலை, விட்டுவைத்தால் அடுத்த மழைக்காலத்துக்குள் முழு வீல் வேலையாகிவிடும்.