அப்பா மாதிரி இல்லாத பிள்ளை

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற கதை இல்லை இது. மொத்தம் 519 அத்தியாயம். அதனால் அதில் வரும் ஒரு பையனை மட்டும் பிடித்துக்கொள்வோம்.

உங்கள் வீட்டில் முப்பதை ஒட்டிய வயதில் யாராவது இருந்தால், ஆரஞ்சு உடையும் முள்முள்ளாக நிற்கும் தலைமுடியுமாக ஒரு வீரனின் படத்தை டீ-ஷர்ட்டிலோ கைப்பேசி முகப்பிலோ பார்த்திருப்பீர்கள். கார்ட்டூன் நெட்வொர்க்கில் அவனைப் பார்த்து வளர்ந்த தலைமுறை அது. அவன் பெயர் கோகு. நான் பேச வந்தது அவனைப் பற்றியல்ல, அவனுடைய மூத்த மகன் கோஹானைப் பற்றி. 'ட்ராகன் பால்' ரசிகர்கள் இரண்டு பேர் சந்தித்தால் கோஹான் பேச்சு வராமல் போகாது. வந்தால் கூடவே ஒரு பெருமூச்சும் வரும். "எப்படி இருந்தவன், இப்படி ஆயிட்டானே!" என்பார்கள். அந்தப் பெருமூச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன்.

அகிரா தொரியாமா, ஜப்பானின் 'ஷோனென் ஜம்ப்' வார இதழில் 1984 முதல் 1995 வரை எழுதி வரைந்த படக்கதை 'ட்ராகன் பால்'. சீனர்களின் பழைய 'மேற்குப் பயணம்' கதையில் வரும் குரங்கரசன்தான் கோகுவுக்கு மூலம். சிறுவயதில் அவனுக்கு வாலும் இருந்தது அதனால்தான். பிறகு தொரியாமா கதையை வானத்துக்குக் கொண்டுபோனார். கோகு பூமிக்காரனே அல்ல, சையன் என்ற போர்க்குலத்தில் பிறந்து குழந்தையாக இங்கே அனுப்பப்பட்டவன் என்றார். காட்டில் அவனைக் கண்டெடுத்து வளர்த்த கிழவரின் பெயர் கோஹான். கோகு தன் மகனுக்கு அந்தப் பெயரையே வைத்தான். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அப்பனைப் பற்றி ஒன்று தெரிந்தால் போதும். சண்டை அவனுக்குச் சாப்பாடு மாதிரி. உலகைக் காப்பாற்றுவதெல்லாம் பிறகுதான். தன்னைவிடப் பலசாலி ஒருவன் வந்திருக்கிறான் என்று கேட்டதும் அவன் முகத்தில் முதலில் வருவது சிரிப்பு. கெட்டவன் அல்ல, வெகுளி. எல்லோருக்கும் தன்னைப் போலத்தான் இருக்கும் என்று நம்புகிற வெகுளி. அந்த வெகுளித்தனம் எங்கே கொண்டுபோய் விடுகிறது என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

கோஹான் கதைக்குள் வரும்போது வயது நான்கு. பயந்தாங்கொள்ளி, எடுத்ததற்கெல்லாம் அழுகை. அப்பாவின் பழைய நண்பர்கள் என்னவாக ஆசை என்று கேட்டால், பெரிய படிப்பாளி ஆகவேண்டும் என்கிறான். அது அம்மா சி-சி ஊட்டி வளர்த்த ஆசை என்று நீங்கள் சொல்லலாம். நான்கு வயதில் எந்த ஆசைதான் சொந்த ஆசை? ஆனால் இருபத்தைந்தைத் தாண்டியும் அவன் அதே ஆசையோடு இருக்கிறான். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த வயதிலேயே அவனைப் பெரியப்பா ராடிட்ஸ் கடத்திப்போகிறான். கோகுவை அடித்துத் துவைக்கிறான். எதிரே இருப்பவரின் பலத்தை எண்ணாகக் காட்டும் கருவி ஒன்று ராடிட்ஸிடம் உண்டு. பையன் அழும்போதே அதில் 710 என்று வருகிறது. அப்பாவின் அலறலைக் கேட்டு, தன்னை அடைத்துவைத்த விண்கலத்தை உடைத்துக்கொண்டு பாயும்போது 1307. கோகுவைவிடப் பல மடங்கு. ஒரே முட்டு, ராடிட்ஸின் நெஞ்சுக்கவசம் விரிசல் விடுகிறது. அடுத்த நொடி அவன் மறுபடி அழுகிற குழந்தை. என்ன செய்தோம் என்றே அவனுக்குத் தெரியாது.

தொரியாமா கடைசிவரை மாற்றாத இலக்கணம் இது. கோகுவின் பலம் ஆசையிலிருந்து வருகிறது, கோஹானின் பலம் பிறர் படும் அடியிலிருந்து வருகிறது. அப்பா ஜெயிக்க விரும்புகிறவன். மகன் இது எப்போது முடியும் என்று காத்திருப்பவன். இரண்டும் வெளியே பார்க்க ஒரே மாதிரி மின்னலும் புழுதியுமாகத்தான் தெரியும். அதனால்தான் கதைக்குள்ளே இருப்பவர்களும் ஏமாறுகிறார்கள், வெளியே இருக்கும் நாமும் ஏமாறுகிறோம்.

அந்தச் சண்டையில் கோகு சாகிறான். (இந்தக் கதையில் சாவது வெளியூர் போய் வருகிற மாதிரிதான். அதற்கெல்லாம் இப்போது போக வேண்டாம்.) பையனைத் தூக்கிக்கொண்டு போவது பிக்கோலோ. கோகுவைக் கொன்று உலகை ஆளவேண்டும் என்று பிறந்த பச்சைநிற அரக்கன். அடுத்து வரப்போகும் எதிரிகளுக்குப் பையனைத் தயார் செய்ய வேண்டும் என்பதற்காக அவனைக் காட்டில் தனியே விட்டு, பிறகு அடித்துப் பழக்குகிறான். கடைசியில் அதே பிக்கோலோ, நாப்பா என்ற எதிரி வீசிய தாக்குதலுக்கு முன்னால் பாய்ந்து, பையனைக் காப்பாற்றிச் சாகிறான். அரக்கனை மனிதனாக்கியது எந்தப் பயிற்சியும் இல்லை. பயப்படாமல் கூடவே இருந்த ஒரு குழந்தை.

சி-சியை ரசிகர்கள் வில்லியாக்கிவிட்டார்கள். மகனைச் சண்டைக்கு விடாமல் "படி, படி" என்று உயிரை எடுப்பவளாம். நமக்குப் பழகிய முகம்தான். வேற்றுக்கிரகத்துக்கு உயிரைப் பணயம் வைத்துப் புறப்படும்போதும் பிள்ளைக்குச் சட்டியைக் கவிழ்த்து வெட்டிய மாதிரி முடிவெட்டி, கூடவே பாடப் புத்தகங்களும் கட்டிக்கொடுத்து அனுப்புகிறாள். சிரிக்க வைக்க எழுதியதுதான். இருந்தாலும் யோசித்துப் பாருங்கள். உலகமே அந்தப் பையனை ஆயுதமாகப் பார்த்தபோது, பையனாகப் பார்த்த ஒரே ஆள் அவள்.

இனி 'செல்' என்ற எதிரிக்கு வருவோம். பல வீரர்களின் உயிரணுக்களைச் சேர்த்துச் செய்யப்பட்ட அரக்கன் அவன். பத்து நாள் கெடு கொடுத்துப் போட்டி அறிவிக்கிறான், தோற்றால் பூமி காலி. வெளியே ஒரு நாள் கழிந்தால் உள்ளே ஒரு வருடம் கழியும் மாய அறையில் கோகு மகனோடு பயிற்சி செய்கிறான். அங்கே அவனுக்குப் புரிந்துவிடுகிறது, மகன் தன்னைத் தாண்டிவிட்டான் என்று. போட்டி நாளில் கோகு கொஞ்ச நேரம் மோதிவிட்டு, தோல்வியை ஒப்புக்கொண்டு, திரும்பி மகனைக் கைகாட்டுகிறான். அதோடு நிற்கவில்லை. ஆட்டம் நியாயமாக இருக்க வேண்டுமாம், களைத்துப்போன செல்லுக்குத் தெம்பூட்டும் மந்திரப் பயறு ஒன்றையும் தூக்கிப் போடுகிறான்.

பையனுக்கு அப்போது ஏறக்குறைய பத்து வயதுதான். அவன் செல்லிடம் சொல்வது இதுதான்: எனக்குச் சண்டை பிடிக்கவில்லை, நீ எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும் உன்னைக் கொல்ல மனமில்லை, கோபம் வந்தால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே தெரியாது. எச்சரிக்கை என்று நினைத்துத்தான் சொல்கிறான். செல்லுக்கோ அது அழைப்பாகப் படுகிறது. அந்தக் கோபத்தைப் பார்த்தே தீருவேன் என்று பையனை நொறுக்க ஆரம்பிக்கிறான்.

தூரத்தில் நின்று பார்க்கும் கோகு நிதானமாக இருக்கிறான். மகனுக்குக் கோபம் வரட்டும் என்று காத்திருக்கிறான். பிக்கோலோ வெடிக்கிறான். உன் மகன் உன்னைப் போலச் சண்டையை ரசிப்பவன் இல்லை. அவன் இப்போது கோபத்தில் இல்லை, அடி வாங்கிக்கொண்டே, ஏன் அப்பா நம்மைக் காப்பாற்ற வரவில்லை என்று யோசித்துக்கொண்டிருக்கிறான் என்று சொல்கிறான். 519 அத்தியாயத்தில் எனக்கு முக்கியமான பக்கம் இதுதான். குண்டு வீச்சில்லை, மலை பிளக்கவில்லை. பெற்றவனுக்கு அவன் பிள்ளையை வளர்த்தவன் விளக்குகிறான். கோகுவின் முகம் மாறுகிறது, பதறிப்போய் உதவிக்குப் போகப் பார்க்கிறான். ஆனால் காரியம் கைமீறிவிட்டது.

செல் தன்னைப்போலவே ஏழு குட்டிகளைப் பெற்று, பையனின் நண்பர்கள்மேல் ஏவுகிறான். அப்போதும் பையன் தடுமாறுகிறான். கடைசியில் பூட்டைத் திறப்பது '16' என்ற இயந்திர மனிதனின் வெட்டுண்ட தலை. கோகுவைக் கொல்லவென்றே செய்யப்பட்டும், பறவைகளை நேசிக்கிற சாது அது. நீதிக்காகச் சண்டையிடுவது பாவமில்லை, பேச்சு எடுபடாதவர்களும் உலகில் உண்டு, நீ அடக்கி வைத்திருப்பதை விட்டுவிடு என்கிறது. செல் அந்தத் தலையை மிதித்து நசுக்குகிறான். பையன் உடைகிறான்.

ரசிகர்கள் சுவரில் மாட்டிவைப்பது இதற்கு அடுத்த காட்சியை, அடக்கிவைத்த பலம் வெடித்துக் கிளம்புவதை. நானும் ரசித்தவன்தான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கும் அடுத்து வருவதைப் பெரும்பாலோர் தாண்டிப்போகிறார்கள். பலம் வந்ததும் பையன் மாறிவிடுகிறான். சீக்கிரம் முடித்துவிடு என்று அப்பா கத்துகிறான். இல்லை, இவன் இன்னும் கொஞ்சம் வதைபடட்டும் என்கிறான் மகன். அந்தத் தாமதத்தில் செல் தன்னையே வெடிக்க வைத்துப் பூமியை அழிக்கப் பார்க்க, கோகு அவனைத் தொட்டு வேறு இடத்துக்குக் கொண்டுபோய் அங்கேயே சாகிறான். சாதுப் பிள்ளை கோபப்பட்டால் அந்தக் கோபம் சுத்தமாகத்தான் இருக்கும் என்று தொரியாமா நமக்குப் பொய் சொல்லவில்லை. வெடித்தும் சாகாமல் திரும்பி வந்த செல்லைப் பையன் ஒரு கை முடங்கிய நிலையில் ஒற்றைக் கையால் அழிக்கிறான். ஊருக்குத் தெரிந்ததோ வேறு: மிஸ்டர் சாட்டான் என்ற வாய்ச்சவடால் மல்லன்தான் செல்லைக் கொன்றான் என்று எல்லோரும் நம்பிக் கொண்டாடுகிறார்கள். கோஹான் அதைத் திருத்தவே இல்லை. பேரும் புகழும் வேண்டாதவனுக்கு அதைவிடச் சௌகரியம் என்ன?

ஏழு வருடம் கழித்து அவன் பள்ளிக்கூடம் போகிறான். அங்கே அந்த சாட்டானின் மகள் விடேலைச் சந்திக்கிறான். போகிற வழியில் திருடர்களைப் பிடிக்க முகமூடியும் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு, கோமாளித்தனமாகக் கைகாலை ஆட்டிப் பெயர் சொல்லிக்கொள்கிறான். பார்ப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள், அவனுக்கோ பரம சந்தோஷம். இதில் ஒன்று கவனியுங்கள். பலத்தைப் பயன்படுத்துவதை அவன் வெறுக்கவில்லை. நான்கு பேருக்கு உதவினால் மகிழ்கிறான். யார் பெரியவன் என்று மோதிப் பார்ப்பதுதான் அவனுக்கு வேண்டாதது.

இங்கேதான் கதைக்கு வெளியே ஒரு விஷயம் வருகிறது. தொரியாமாவின் எண்ணம், இனி கோஹான்தான் நாயகன் என்பது. கோகு செத்தாகிவிட்டது, திரும்பி வரவும் மறுத்துவிட்டான். ஆனால் கொஞ்ச தூரம் போனதும், கோகுவோடு ஒப்பிட்டால் இவன் அந்த இடத்துக்குப் பொருந்தவில்லை என்று முடிவு செய்ததாக அவரே பின்னர் சொல்லியிருக்கிறார். ஷோனென் ஜம்ப் எப்படிப்பட்ட இதழ் என்று தெரிந்தால் இது புரியும். வாராவாரம் வாசகர்கள் அட்டையில் எழுதிப்போட்ட வாக்குதான் அப்போது அங்கே தொடர்களின் தலையெழுத்து. நட்பு, முயற்சி, வெற்றி என்பது அதன் தாரக மந்திரம். 1994 கடைசியில் ஒரு இதழ் 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அந்த வண்டியை இழுக்க, அடுத்த எதிரியை நினைத்துச் சிரிக்கும் நாயகன் வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பாடம் படிக்க நினைக்கிறவன் தாங்குவானா? கோகு திரும்பி வந்தான். கோஹானுக்கு ஒரு பழங்காலத் தெய்வம் மணிக்கணக்கில் உட்கார்ந்து முழு ஆற்றலையும் திறந்துவிட்டது. கொஞ்ச நேரம் அவனைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பிறகு 'பூ' என்ற எதிரி அவனை விழுங்கிவிட்டான். கடைசி அடி கோகுவுடையது.

ரசிகர்களின் மனத்தாங்கல் அங்கே தொடங்கியது. 2015-இல் வந்த 'ட்ராகன் பால்' திரைப்படத்தில் அவன் ஜெர்சி உடையில் வந்து அடிவாங்கியபோது அது உச்சத்துக்குப் போனது. பயிற்சியை விட்டான், வீணாய்ப் போனான் என்றார்கள். நான் கேட்பது ஒன்றுதான்: எதில் வீணானான்? விடேலைக் கட்டிக்கொண்டான், பான் என்று ஒரு மகள் பிறந்தாள், நான்கு வயதில் சொன்ன மாதிரியே படிப்பாளியும் ஆனான். நினைத்ததை அடைந்தவனைத் தோற்றவன் என்கிறோம், நாம் நினைத்தது நடக்கவில்லை என்பதற்காக.

தொரியாமாவுக்கே இதில் இரண்டு மனம் இருந்திருக்க வேண்டும். 2022-இல் வந்த 'ட்ராகன் பால் சூப்பர்: சூப்பர் ஹீரோ' படத்துக்குக் கதை வசனம் அவர்தான். அதில் கோஹான் எறும்புகளைப் பற்றிய ஆய்வில் மூழ்கி, மழலையர் பள்ளியிலிருந்து மகளை அழைத்துவரக்கூட நேரமில்லாமல் இருக்கிறான். அந்த வேலை பிக்கோலோ தலையில் விழுகிறது. பயிற்சியை விட்டதற்காக அவனை அந்தக் கதை திட்டுகிறது, மகள் கடத்தப்பட்டதாகப் பிக்கோலோவே நாடகம் ஆடி அவனைச் சண்டைக்கு இழுக்கிறான். அந்த நாடகம் எனக்குப் பிடிக்கவில்லை. செல்லும் அதைத்தானே செய்தான், வேண்டியவர்களை வைத்து அவனைக் கோபப்படுத்தினான்? ஆனால் படத்தின் கடைசிச் சண்டைக்கு என் ஆட்சேபம் இல்லை. பெரிய எதிரியை அவன் முடிப்பது அப்பாவின் புகழ்பெற்ற அடியால் அல்ல, பிக்கோலோவின் அடியால். அந்த நேரத்தில் கோகு வேறொரு கிரகத்தில், எதுவுமே தெரியாமல், தன்னைப் போன்ற இன்னொரு சையனான வெஜிட்டாவோடு மோதிக்கொண்டிருக்கிறான், ஆனந்தமாக.

தொரியாமா 2024 மார்ச் 1 அன்று, 68 வயதில் காலமானார். படிக்கத் தோன்றினால் 42 தொகுதிகளையும் வாங்க வேண்டியதில்லை. 33, 34, 35 மூன்றையும் எடுங்கள், செல் போட்டி அதற்குள் அடங்கிவிடும். தொலைக்காட்சி வடிவம் வேண்டாம். அதில் ஒரு பார்வைக்கும் அடுத்த குத்துக்கும் இடையே விளம்பர இடைவேளையே வந்து போய்விடும்.