சர்வர் நின்றால் ஸ்கேனும் நிற்க வேண்டுமா?

"சிஸ்டம் டவுனுங்க, ஸ்கேன் எடுக்க முடியாதுங்க." கோவையில் எந்த மருத்துவமனை கவுன்ட்டரிலும் ஒருநாள் இந்தப் பதில் வரலாம். உடுமலையிலிருந்தோ கூடலூரிலிருந்தோ ஆம்புலன்ஸில் வந்து இறங்கியவர் அதைக் கேட்டுத் திரும்பிவிடக் கூடாது. அதில் பாதிதான் உண்மை.

சி.டி., எம்.ஆர்.ஐ. மெஷின் வேறு, மருத்துவமனை சர்வர் வேறு. பில், டாக்டர் போட்ட ஆர்டர், எடுத்த படத்தைச் சேமித்து மற்ற அறைகளுக்கு அனுப்பும் 'பேக்ஸ்' ஆகியவை சர்வரின் வேலை. அது படுத்துவிட்டாலும் மெஷின் பெரும்பாலும் ஓடும். டெக்னீஷியன் பெயரைக் கையால் தட்டிப் படமெடுப்பார். படம் மெஷினின் சொந்த டிஸ்க்கில் தங்கும். ரேடியாலஜிஸ்ட் கன்சோல் முன்பே உட்கார்ந்து பார்த்து, ரிப்போர்ட்டைக் காகிதத்தில் எழுதித் தரலாம். வைரஸ் மெஷினுக்குள்ளேயே புகுந்துவிட்டால் கதை வேறு. 2017இல் வான்னாக்ரை என்ற கணினி வைரஸ் பரவியபோது பிரிட்டனின் அரசு மருத்துவமனைகளில் 1,220 பரிசோதனைக் கருவிகள் பாதிக்கப்பட்டன.

நம் நாட்டில் பெரிய பாடம் டெல்லி எய்ம்ஸ். 2022 நவம்பர் 23 காலையில் அங்கே சைபர் தாக்குதலில் சர்வர்கள் முடங்கின. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. ஏறத்தாழ இரண்டு வாரம் பதிவும் பரிசோதனையும் பேனா, காகிதத்தில் நடந்தன. ஆனால் மருத்துவமனையை மூடவில்லை. தாக்குதலில் சிக்காத ஒரு பேக்கப் சர்வர் இருந்ததால் தகவல்களும் மீண்டன.

ஆகவே கவுன்ட்டரில் கேட்க வேண்டியது, "மெஷின் ஓடுதுங்களா? எமர்ஜென்சிக்கு எடுக்கறீங்களா?" என்பதுதான். முழங்கால் எம்.ஆர்.ஐ. நாளைக்குத் தள்ளிப்போகலாம், தவறில்லை. பக்கவாதம் அப்படியல்ல. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும். மூளையில் ரத்தக்கசிவு இல்லை என்று ஸ்கேன் சொல்லாமல் போடவும் முடியாது. நிஜமாகவே எடுக்க வழியில்லை என்றால், எங்கே எடுக்கலாம் என்று அந்த மருத்துவமனையே விசாரித்து, முதலுதவி செய்து, குறிப்பெழுதி அனுப்ப வேண்டும். 1992இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரை மேற்கு வங்க அரசு மருத்துவமனைகள் படுக்கை இல்லை, வசதி இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. 1996இல் உச்ச நீதிமன்றம் அது உயிர் வாழும் உரிமையைப் பறிப்பது என்று சொல்லி, 25,000 ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

ஸ்கேன் கிடைக்காமல் போவதை விட எனக்குப் பயம், கிடைத்த ஸ்கேன் வேறொருவர் பேரில் போய்ச் சேர்வதுதான். கொங்கு நாட்டில் ஒரே வார்டில் மூன்று பழனிசாமி இருப்பது அதிசயமா என்ன? சிஸ்டம் இருக்கும்போது ஆளைப் பிரிப்பது நம்பர். கையால் எழுதும்போது அந்தக் காவல் இல்லை. எனவே அப்பா பெயர், வயது, ஊர், வலதா இடதா, எல்லாவற்றையும் ஸ்கேன் மேசைக்குப் போகும் முன் வாய்விட்டுச் சொல்லுங்கள். கான்ட்ராஸ்ட் மருந்து ஒத்துக்கொள்ளாதவர், கிட்னிப் பிரச்சினை உள்ளவர், கர்ப்பிணி ஆகியோர் கேட்காமலே சொல்ல வேண்டும். பழைய கேஸ் ஷீட் அன்று திரையில் தெரியாது. பீரோவில் கிடக்கும் பழைய ஃபிலிமையும் எடுத்துப் போங்கள். ஒப்பிட்டுப் பார்க்க அன்றைக்கு அது ஒன்றுதான் இருக்கும்.

கையால் எழுதித் தருவது பெரும்பாலும் முதல்கட்ட ரிப்போர்ட். அன்று தரும் தற்காலிக நம்பர் எழுதிய சீட்டைத் தொலைக்காமல் வைத்திருந்து, சிஸ்டம் வந்த பிறகு இறுதி ரிப்போர்ட்டை வாங்குங்கள். படம் உங்கள் பேரில்தான் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள். மருத்துவ ஆவணங்களின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிமுறைகள். எழுத்தில் கேளுங்கள், தேதியோடு ஒப்புகை வாங்குங்கள்.

தராமல் இழுத்தடித்தால், தனியார் மருத்துவமனை மீது மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடமும், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் டீனிடமும் மனு கொடுக்கலாம். காசு கட்டி எடுத்த ஸ்கேனில் கவனக்குறைவால் கேடு நேர்ந்திருந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் இடங்கள் மட்டும் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது.