கடலலையின் இயல்பு

கரையில் நின்று கடலை நோக்குவார்க்கு நீர்த்திரள் தொலைவிலிருந்து ஓடிவருவது போலத் தோன்றும். ஆயின், ஆழ்கடலில் ஓடிவருவது நீரன்று, அதன் அசைவேயாம். அலைகளிடையே மிதக்கும் தேங்காயொன்றைச் சிறிதுநேரம் நோக்கின் இவ்வுண்மை புலனாகும். அலைமுடி வரும்போது அது மேலெழுந்து முன்செல்லும். தாழி வரும்போது கீழிறங்கிப் பின்வாங்கும். ஏறக்குறைய முன்னிருந்த இடத்தையே அடையும். நீர்த்துணிக்கைகள் வட்டப்பாதையிற் சுழல, சத்தியே முன்னோக்கிச் செல்கின்றது. ஆழஞ் செல்லச் செல்ல இவ்வட்டங்கள் சிறுத்து, அலைநீளத்தின், அஃதாவது ஒரு முடிக்கும் அடுத்த முடிக்கும் இடைப்பட்ட தொலைவின், பாதியளவான ஆழத்தில் ஏறத்தாழ அற்றுப்போகின்றன.

நாடோறுங் காணும் அலைகளைத் தோற்றுவிப்பது காற்று. அதன் வேகம், வீசுங் காலம், தடையின்றி வீசும் நீர்ப்பரப்பின் நீளம் ஆகிய மூன்றும் அலையின் பருமனை வரையறுக்கின்றன. காற்று ஓய்ந்த பின்னரும் நீண்ட அலைகள் நெடுந்தொலை செல்லும். 1963 ஆம் ஆண்டில் வால்ற்றர் மங்க் என்னும் அறிஞரும் அவர்தங் குழுவினரும், தென்கடற் புயல்களாற் பிறந்த அலைகளைப் பசுபிக் சமுத்திரத்தினூடே அலாசுக்கா வரை தொடர்ந்து அளந்தனர்.

கரையை அணுகும் அலை கடற்றரையை உணரத் தொடங்கியதும் வேகங் குன்றுகின்றது. பின்வரும் அலைகள் நெருங்குவதால் அலைநீளங் குறைய, உயரம் மிகுகின்றது. நீரின் ஆழம் அலையுயரத்தின் ஏறக்குறைய 1.3 மடங்காகும்போது முடி அடியை முந்திக் கவிழ்ந்து உடைகின்றது.

கரையருகே வேகங் குன்றி உயரம் மிகும் இவ்வியல்பு சுனாமி எனப்படும் ஆழிப்பேரலைக்கும் உரியது. ஆயின் அதன் பிறப்பு வேறு. காற்றலை மேற்பகுதியை அசைக்க, கடற்றரையின் அசைவாற் பிறக்குஞ் சுனாமி அடிமுதல் நீர் முழுவதையும் அசைக்கின்றது. அதன் அலைநீளம் நூறு கிலோமீற்றரையும் விஞ்சுமாதலின், ஆழ்கடலும் அதற்கு ஆழங்குறைந்த நீரேயாம். 4,000 மீற்றர் ஆழத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 700 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும். 2004 டிசெம்பர் 26 இல் வட சுமாத்திராவுக்கு அப்பால் நிகழ்ந்த புவிநடுக்கத்தாற் பிறந்த அலையை நடுக்கடலிற் செய்மதி அளந்தபோது உயரம் ஏறத்தாழ 60 சென்ரிமீற்றரே. அவ்வலை ஏறக்குறைய இரண்டு மணித்தியாலத்துள் இலங்கையின் கீழ்க்கரையை அடைந்தது. இந்நாட்டில் 30,000 க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

பேரலை வருமுன் கடல் உள்வாங்கியே தீரும் எனப் பலர் கருதுவர். அது தவறு. கடற்றரை தாழ்ந்த கிழக்குப் பக்கத்தில் தாழி முந்தியதால் அன்று தாய்லாந்துக் கரையிற் கடல் முதலில் உள்வாங்கியது; தரை மேலெழுந்த மேற்குப் பக்கத்தில் முடி முந்தியதால் இலங்கையின் கீழ்க்கரையில் முதலில் நீர் ஏறியே வந்தது. மேலும், இரு முடிகளிடையே பல நிமிடங்கள் கழியும். முதலலையினும் பின்னலை பெரிதாதலும் உண்டு. ஆதலின், கடல் உள்வாங்கினும் வழக்கத்துக்கு மாறாக ஏறினும் உடனே உயர்ந்த இடத்தை நாடுதல் வேண்டும். முதலலை வடிந்ததென எண்ணிக் கரைக்கு மீளலாகாது. கடல்சூழ் நாட்டில் வாழும் மாணவர் இதனைத் தாம் அறிவதோடு இல்லத்தார்க்கும் எடுத்துரைத்தல் கடனாம்.