இருபதாயிரம் ரூபாய் ஸ்விம்சூட் லுக், இரண்டாயிரத்துல வருமா?

போன எபிசோடுக்குப் பிறகு ஒரு லிஸனர் கேட்டிருந்தாங்க: "ஃப்ரெண்ட்ஸோட அந்தமான் போறோம். எனக்குப் பிடிச்ச டிசைனர் ஸ்விம்சூட் இருபதாயிரம். பட்ஜெட் இரண்டாயிரம். அந்த லுக் வருமா?"

பெரும்பாலும் வரும். ஆனா பிராண்ட் பேரைப் பாக்காம, உள்ள தைச்சிருக்கிற சின்ன லேபிளைப் பாக்கணும்.

விலை எதுவா இருந்தாலும் ஸ்விம்சூட் துணி பொதுவா நைலான் இல்லன்னா பாலியஸ்டர், கூட எலாஸ்டேன். லைக்ரான்னு நாம சொல்றது எலாஸ்டேனோட ஒரு பிராண்ட் பேர்தான். டிசைனர் பீஸ்கள்ல வர்ற ஒரு பிரபலமான இத்தாலியத் துணி 78% நைலான், 22% எலாஸ்டேன். உங்க பட்ஜெட்லயும் 80-20 கிடைக்கும். ஸ்பெக் ஷீட் கிட்டத்தட்ட ஒன்னு. லேப்டாப் வாங்குற மாதிரிதான், ஸ்பெக் மட்டும் பாத்து முடிவு பண்ண முடியாது.

அதனால ஸ்விம்சூட்டை உள்பக்கமா திருப்புங்க. காசு அங்கதான் தெரியும். லைனிங் முன்பக்கம் மட்டும் இருக்கா, பின்பக்கமும் இருக்கா? துணியை நல்லா இழுத்துப் பிடிச்சு, அடியில போன் டார்ச் அடிங்க. உங்க விரல் தெளிவா தெரிஞ்சா, நனைஞ்சதும் எல்லாம் தெரியும். அப்புறம் கடலுக்குப் போயும் ட்ரிப் முழுக்க டவலைச் சுத்திக்கிட்டு கரையிலயே உக்காந்திருக்கணும். இரண்டாயிரம் போறதைவிட எனக்கு அதுதான் பெரிய நஷ்டமா படுது. கால் பக்க எலாஸ்டிக்கை இழுத்து விடுங்க. அலை அலையா நின்னா வேண்டாம்.

பிரிண்ட் எடுக்காதீங்க. பக்கத் தையல்ல டிசைன் ரெண்டு பக்கமும் சேரணும்னா வெட்டும்போது துணி வீணாகும், அதனால விலை குறைஞ்ச பீஸ்ல அது பெரும்பாலும் சேராது. கறுப்பு, பாட்டில் கிரீன், அரக்கு மாதிரி ஒரே கலர் போதும். தங்கக் கலர் வளையம், பக்கிள் வச்சதும் வேண்டாம், உப்புத்தண்ணியில முலாம் போயிடும். போலி லோகோ பத்தி நான் பேசவே போறதில்ல.

ஃபிட்டிங்தான் பாதி லுக். ஸ்ட்ராப் லூஸா இருந்தா டெய்லர்கிட்ட குடுங்க, ஆனா ஜிக்ஜாக் தையல் போடச் சொல்லுங்க. சாதா நேர்த்தையல் போட்டா துணி இழுபடும்போது நூல் அறுந்துடும். (பிகினியை 1946-ல பாரிஸ்ல அறிமுகப்படுத்தின லூயி ரேயார் ஒரு ஆட்டோமொபைல் இன்ஜினியர். நம்ம ஆளு!)

மேல சுத்திக்க சரோங் தனியா வாங்காதீங்க. அம்மாவோட பழைய ஷிஃபான் புடவையைக் கேட்டு வாங்கி, இரண்டு மீட்டர் வெட்டி ஓரம் அடிச்சா முடிஞ்சது. மீதியில உங்க ஃப்ரெண்டுக்கும் ஒன்னு வரும்.

ஹோட்டல் பூல்ல இறங்குறதுக்கு முன்னாடி ஷவர்ல நல்லா நனைங்க. துணி நல்ல தண்ணியைக் குடிச்சுட்டா குளோரின் தண்ணியைக் கம்மியா இழுக்கும். எலாஸ்டேனைக் கெடுக்கிறது குளோரின்தான், இருபதாயிரம் ரூபாய் பீஸா இருந்தாலும் விடாது. வெளிய வந்ததும் குளிர்ந்த தண்ணியில அலசுங்க, முறுக்கிப் பிழியாம நிழல்ல காயப்போடுங்க.

ஆன்லைன்ல ஆர்டர் பண்றதா இருந்தா முதல்ல ரிட்டர்ன் பாலிசியைப் படிங்க. நிறைய சைட்ல ஸ்விம்வேரைத் திருப்பி எடுக்க மாட்டாங்க.