மேளம் வந்து சேரும் வழி

கொடைக்கானல் குளிர்காலத்தில் சீக்கிரமே அடங்கிவிடும். ஏரிக்கரைக் கடைகள் ஒவ்வொன்றாக மூடும் நேரத்தில், எங்கிருந்தோ 'தும் தும்' என்று கேட்கும். ஏதோ ஒரு சரிவில் கோயில் கொடை, நாயனமும் தவிலும் சேர்ந்த நையாண்டி மேளம் வந்திருக்கிறது. அறைக்குத் திரும்ப நினைத்தவர்கூட கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சத்தம் வந்த திக்கில் நடக்கத் தொடங்குவார். அந்த நடையில் இசை ஒரே வீச்சில் வந்து சேர்வதில்லை, பகுதி பகுதியாகத்தான் வரும்.

முதலில் வருவது தவிலின் இடப்பக்க ஒலி மட்டுமே. தொப்பி எனப்படும் அந்தப் பக்கத்தைத் தளர்வாகக் கட்டி, பூவரசங்கழியால் அடிப்பார்கள். அது தாழ்ந்த ஒலி. காற்று ஒலியை வடிகட்டித்தான் அனுப்புகிறது. 10 டிகிரிக் குளிரில், ஈரம் கலந்த காற்றில், 125 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்கும்போது காற்று உறிஞ்சுவதால் அரை டெசிபல்கூட இழப்பதில்லை. 4000 ஹெர்ட்ஸ் ஒலியோ 30 டெசிபலுக்கு மேல் இழக்கிறது, அதாவது ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. ஜால்ராவும், தவிலின் வலப்பக்கமான வலந்தலையின் படபடப்பும் வழியிலேயே நின்றுவிடுகின்றன.

இரவில் இது இவ்வளவு தூரம் கேட்பதற்கு ஊர் அமைதி மட்டும் காரணமல்ல. ஒலிபெருக்கிதான் காரணம் என்பதும் பாதிதான் உண்மை; பகலிலும் அதே பெட்டிதான் முழங்குகிறது. ஒலியின் வேகம் 0 டிகிரியில் விநாடிக்கு 331 மீட்டர். ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.6 மீட்டர் கூடும். பகலில் தரை சுடுவதால் தரையை ஒட்டிய காற்றில் ஒலி வேகமாகவும், மேலே மெதுவாகவும் போகிறது. அதனால் அலையின் அடிப்பகுதி முந்திக்கொள்ள, அலை முழுவதும் வானத்தை நோக்கி வளைந்து நம் தலைக்கு மேலே போய்விடும். மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலைமை தலைகீழ். தரை குளிர்ந்து, சூடான காற்று மேலே நிற்கும். மேலே போன ஒலி வளைந்து திரும்பத் தரைக்கே வருகிறது.

மலையில் இது இன்னும் பலமாக நடக்கும். குளிர்ந்த காற்று கனமானது. சரிவுகளில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். கொடைக்கானலில் டிசம்பர், ஜனவரி உறைபனி மேட்டைவிடப் பள்ளங்களில்தான் அதிகம் படிவதற்கும் இதுவே காரணம். பூம்பாறையை மேலே சாலையிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்: படிப்படியான பூண்டு வயல்கள், நடுவே வீடுகள், குழந்தை வேலப்பர் கோயில். அங்கே மேளம் அடித்தால் சாலையில் நிற்பவருக்கும் வாசிப்பவருக்கும் நடுவே மரமோ சுவரோ மறைக்காத நேர்வழி இருக்கிறது. பள்ளத்துக்குள்ளேயே இருப்பவர்களுக்கு தேங்கிய குளிர்காற்றில் ஒலி வளைவது உதவும்.

எனக்கு இதில் மிகவும் வியப்பானது வேறொன்று. ஒரு கிலோமீட்டர் வர ஒலிக்கு மூன்று விநாடி ஆகிறது, ஆனாலும் தாளம் பிசகுவதில்லை. தாழ்ந்த ஒலி முந்தி, உயர்ந்த ஒலி பிந்தி வந்தால் தூரத்தில் நாயனமும் தவிலும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு இயற்பியலாளர் ழான்-பாப்திஸ்த் பியோ, 951 மீட்டர் நீள இரும்புக் குழாயின் ஒரு முனையில் புல்லாங்குழல் வாசிக்கச் சொல்லி மறுமுனையில் காது வைத்தார். மெட்டு சிதையாமல் வந்தது. எல்லாச் சுரத்துக்கும் காற்றில் ஒரே வேகம்தான். காற்று சுரத்தைக் களவாடுமே தவிர, வரிசையைக் கலைக்காது.

இன்னும் கிட்டே போனால் நாயனம் தெளியும். சீவாளி என்ற இரட்டை நாக்கு, வாய் அகன்றுகொண்டே போகும் குழல், முனையில் அணசு. கூம்பு வடிவக் குழலில் அடிப்படைச் சுரத்தின் இரண்டு, மூன்று, நான்கு மடங்கு ஒலிகள் எல்லாமே எழும். உருளைக் குழல் கொண்ட கிளாரினெட்டில் தாழ்ந்த சுரங்களுக்கு ஒற்றைப்படை மடங்குகளே ஓங்கும். மனிதக் காது மிகக் கூர்மையாக இருப்பது 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் வரை. நாயனத்தின் மேல்மடங்குகள் சரியாக அங்கே வந்து விழுகின்றன. திறந்தவெளிக்கென்றே வளர்ந்த கருவி அது.

பந்தலுக்குள் நுழைந்த பிறகுதான் ஜால்ராவும், விரல்களில் மாட்டிய கூடுகள் வலந்தலையில் படும் 'சடசட'வும் கிடைக்கும். உறுமி இருந்தால் அதன் முனகலும். வளைந்த குச்சி தோலில் ஒட்டி, நழுவி, மறுபடி ஒட்டுவதால் பிறக்கும் ஒலி அது. வயலின் வில் செய்வதும் அதே வேலைதான். உறவு தெரியாமல் இரண்டும் வெவ்வேறு சபைகளில் உட்கார்ந்திருக்கின்றன.

மலைக்குளிர் வாசிப்பவர்களையும் விடாது. பனி ஈரத்தில் தோல் தளரும். தப்பு அடிப்பவர்கள் நெருப்பு மூட்டிக் காய்ச்சிக்கொள்கிறார்கள். நாயனத்துக்குச் சிக்கல் வேறு. குழலுக்குள் இருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 10 டிகிரிக்கு இறங்கினால், சுருதி அரைச் சுரத்தில் பாதிக்குமேல் இறங்கிவிடும். தொடங்குமுன் சும்மா ஊதிக்கொண்டே இருந்தால் மூச்சு குழலைச் சூடாக்கும். மிருதங்கமாக இருந்தால் இந்த இறக்கத்தோடு ஒத்துப்போக மறுபடி சுருதி கூட்ட வேண்டும். ஏனென்றால் அதன் கரணை, அதாவது நடுவில் உள்ள கருஞ்சாந்து, தோலின் ஒலிகளை முழு மடங்குகளாக ஒழுங்குபடுத்தி ஒரு சுரத்தை நிலைநிறுத்துகிறது. சி.வி. ராமனும் சிவகாளி குமாரும் 1920-இல் 'நேச்சர்' இதழில் எழுதியது இதைத்தான். சாந்து பூசாத வெறும் வட்டத் தோலின் ஒலிகள் 1, 1.59, 2.14 என்று ஒழுங்கில்லாமல் போகும். பம்பையும் தப்பும் அந்த வகை. எந்தச் சுருதியோடும் அவற்றுக்கு வழக்கில்லை. மேளத்தில் உள்ள நாயனங்கள் இரண்டும் ஒன்றுபோல இறங்கினால் போதும், மேளம் தொடரும்.